சந்தவாசல் சாலையில் நின்ற வண்டி

திருச்சி
14.4.2024

திரு. பாலமுருகன் அவர்களுக்கு,

சந்திரமோகன் எழுதுவது. நானும் கீதாவும் நலமாக இருக்கிறோம்.

தெய்வநாயகியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் ஊர் திரும்பியதிலிருந்து நீங்கள் பலமுறை கைபேசியில் அழைத்துவிட்டீர்கள். நான் எடுக்கவில்லை. பேச்சில் அழுகை வரும். அழுகை வந்தால் கேள்வி நின்றுவிடும். எனக்குக் கேள்வி நிற்கக் கூடாது. ஆகவே இனி நமக்குள் எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும். உங்கள் மகள் தேவிப்ரியாவுக்கும் இதையே சொல்லிவிடுங்கள்.

என் தங்கைக்கு ஐம்பது வயது. படவேட்டுக் கோயில் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் வேலூர் மருத்துவமனையை உயிரோடு போய்ச் சேரவில்லை. வழியில், சந்தவாசலைத் தாண்டியதும், உங்கள் மாருதி வேன் நின்றுவிட்டது. "கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம்" என்று மருத்துவர் என்னிடம் சொன்னார். உங்களிடமும் சொல்லியிருப்பார்.

ஒரு வண்டி நிற்பது தலைவிதி அன்று. ஒரு காரணத்தின் விளைவு. கல்லூரியில் இயற்பியல் கற்பித்துப் பிழைப்பவன் என்பதால் இதை என்னால் வேறு விதமாகப் பார்க்க இயலவில்லை. அந்தக் காரணம் எது? அது உங்களுக்கு முன்பே தெரியுமா? தெரிந்தும் அவளை அதில் ஏற்றினீர்களா? எனக்குக் கிடைக்கும் விடையைத் தேவிப்ரியாவுக்கு எழுத்தில் தருவேன். தன் தாய் யாரால் இறந்தாள் என்று அறியும் உரிமை அந்தப் பெண்ணுக்கு உண்டு. அதுவரை அந்த வீட்டுப் படியை நான் மிதிக்கப் போவதில்லை.

அன்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். அலங்காரம் வேண்டாம்.

இப்படிக்கு,
ப. சந்திரமோகன்

*

கொசப்பாளையம், ஆரணி
2.5.2024

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

பாலமுருகனின் வணக்கம். நீங்களும் கீதா அக்காவும் சுகமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் பிரியாவும் இருக்கிறோம்.

எழுதிப் பழக்கம் இல்லை. அதனால்தான் தாமதம்.

அன்று காலையில் ஆரணி பங்க்கில் டேங்க் நிறைய பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினோம். சாமி கும்பிட்டு வெளியே வந்ததும், "இன்னாங்க, நெஞ்சுல யாரோ கால வச்சி ஏறி நிக்கிற மாதிரி கீது" என்றாள். சட்டென்று முகமெல்லாம் வேர்த்துவிட்டது. 108க்குப் போன் செய்தேன். "வண்டி கிளம்பிடுச்சிங்க, முடிஞ்சா நீங்களும் எதிர்ல வாங்க, பாதி வழியில மாத்திக்கலாம்" என்றார்கள். அங்கே வேறு வண்டி எதுவும் இல்லை. அவளை முன் சீட்டில் சாய்த்து உட்காரவைத்துக் கிளம்பினேன்.

சந்தவாசல் தாண்டியதும் வண்டி இருமியது. ரெண்டு தடவை குலுங்கியது. நின்றுவிட்டது.

இந்த வேனில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்காமல் எதையும் பார்க்க முடியாது. அவள் அந்தச் சீட்டில் இருந்தாள். அவளைக் கைத்தாங்கலாக இறக்கி, மரத்தடியில் என் துண்டை விரித்து உட்காரவைத்துவிட்டுச் சீட்டைத் தூக்கினேன். பிளக் ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன். கார்ப்பரேட்டரைத் தட்டினேன். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. காலையில்தானே நிறைத்தேன். "அத்த உட்டுட்டு வந்து பக்கத்துல குந்துங்க" என்றாள். "இரு நாயகி, ஜல்தியா ஆயிடும்" என்றேன். நான் அவளிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

ஆம்புலன்ஸ்காரர்கள் சொன்னபடிதான் வந்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அவளை ஏற்றிய பிறகு வேனை ஓரம் கட்டலாம் என்று சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே எழுந்துவிட்டது மச்சான்.

தை மாசத்திலிருந்து மூணு நாலு தடவை இதே மாதிரி நின்றிருக்கிறது. எல்லாம் டவுனைச் சுற்றித்தான். பாலு மெக்கானிக் வந்து பார்த்ததும் எழுந்துவிடும். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது என் தப்பு.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கள்,
பாலமுருகன்

*

திருச்சி
9.5.2024

திரு. பாலமுருகன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கு நலம். கீதாவும் படித்தாள். "ஒரு வார்த்தை ஆறுதலா எழுதுங்களேன்" என்றாள். எழுதுவதற்கு என்னிடம் அப்படி ஒரு வார்த்தை இல்லை.

நெஞ்சுவலியில் துடித்துக்கொண்டிருந்த மனைவியை இருக்கையிலிருந்து இறக்கித் தரையில் வைத்துவிட்டு, அவள் இருந்த இடத்தில் ஸ்பேனரை வைத்த கணவர் நீங்கள். பக்கத்தில் வந்து உட்காரும்படி அவள் கேட்டாள். நீங்கள் உட்காரவில்லை. இதை நீங்களாகவே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நேர்மையை மதிக்கிறேன். மன்னிப்பாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி வண்டிக்கு வருவோம். ஓடும்போது நிற்கிறது, எதுவும் செய்யாமல் சற்று நேரம் விட்டால் தானாக எழுகிறது. இதற்கு இரண்டு வகைக் காரணங்களே இருக்க முடியும். சூடேறினால் செயலிழந்து ஆறினால் உயிர்பெறும் மின்பாகம் ஒன்று, உதாரணமாக இக்னிஷன் காயில். அல்லது இன்ஜினுக்குப் பெட்ரோல் வந்து சேராமல் ஏதோ தடுப்பது. உங்களுடையது எந்த வகை என்று தை மாதத்திலேயே ஒரு நாள் ஒதுக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நீங்கள் ஒதுக்கவில்லை.

முன்பு நின்றபோதெல்லாம் அந்த மெக்கானிக் வந்து சரியாக என்ன செய்தார்? "பார்த்தார், எழுந்தது" என்பது விடையாகாது. பார்வையால் எந்த வண்டியும் எழுவதில்லை. அவருடைய கைகள் எதைத் தொட்டன என்று கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ப. சந்திரமோகன்

*

ஆரணி
28.5.2024

அன்புள்ள மாமாவுக்கு,

தேவிப்ரியா எழுதுவது. நீங்களும் அத்தையும் நலமா? அத்தைக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? நீங்கள் போனை எடுப்பதில்லை என்பதால் நானும் பேனாவை எடுத்துவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து அப்பா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறார், பதில் எழுதுவதில்லை. கேட்டால், "எழுதறம்மா, எழுதறம்மா" என்கிறார். அதனால் நானே பாலு அண்ணனிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இன்னா செய்வேன் பாப்பா? வந்ததும் டேங்க் மூடியத் தொறந்து எட்டிப் பாப்பேன். பாதிப் பேரு பெட்ரோலே இல்லாம வண்டி நின்னுபோச்சின்னு என்னைய இழுத்தடிப்பானுங்க. பெட்ரோல் கீதுன்னு தெரிஞ்சா மூடிடுவேன். சாவியப் போடுவேன். எந்திரிச்சிக்கும். என்னையப் பாத்தா அதுக்கு ஒரு பயம். உங்க அப்பாவப் பாத்தாதான் பேஜார் பண்ணுது."

"அப்ப நீங்க ஒண்ணும் ரிப்பேரே பண்ணலியா?" என்றேன்.

"ஓடற வண்டியில இன்னாத்தப் பண்றது?" என்கிறார்.

இன்னொன்று மாமா. போன வாரம் கத்திரி வெயிலில் அப்பாவும் நானும் காஞ்சிபுரம் போய்க் கடைக்குப் பட்டுச் சேலைகளைக் கொடுத்துவிட்டு அதே வேனில் திரும்பினோம். அவ்வளவு தூரம், அவ்வளவு சூடு. ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. செய்யாறு தாண்டி நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அம்மாவை வைத்திருக்கும்போது மட்டும்தான் அது நிற்குமா? அப்பா சாலையைப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டே வந்தார்.

எனக்குக் காரணம் தெரிய வேண்டும். சும்மா நின்றது, நேரம் சரியில்லை என்று தெருவில் எல்லாரும் சொல்வதை என்னால் கேட்க முடியவில்லை. நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று தெரியும். யாராக இருந்தாலும் விடாதீர்கள் மாமா.

அத்தைக்கு என் அன்பு.

உங்கள்,
பிரியா

*

ஆரணி
20.6.2024

மச்சானுக்கு,

வணக்கம். எல்லாரும் சுகம்தானே.

காயில்தான் காரணம். நீங்கள் எழுதியிருந்தது சரி. நேற்று கழற்றிப் புதுசு போட்டாயிற்று. இனிமேல் இந்த வண்டிப் பேச்சு நமக்குள் வேண்டாம் மச்சான். நான் கவனிக்காமல் விட்டேன், அவள் போனாள், அவ்வளவுதான். பிரியாவுக்கும் அப்படியே எழுதிவிடுங்கள்.

வேனை விற்கலாம் என்றால் பிரியா விடமாட்டேன் என்கிறாள்.

பாலமுருகன்

*

திருச்சி
27.6.2024

திரு. பாலமுருகன் அவர்களுக்கு,

நலம். உங்கள் சிறு கடிதத்தைப் பலமுறை படித்தேன். சிறிய கடிதங்களில் பொய்யை ஒளிப்பது கடினம்.

ஜூன் பத்தொன்பதாம் தேதி காயிலை மாற்றியதாக எழுதுகிறீர்கள். மே நான்காம் வாரத்தில், கத்திரி வெயிலில், பழைய காயிலோடு அதே வண்டி காஞ்சிபுரம் போய் நிற்காமல் திரும்பியிருக்கிறது. வெப்பத்தால் கெடும் ஒரு பாகம் மார்ச் மாதத்தில் படுத்து, மே மாதத்தில் ஓடாது. நோய் ஏற்கெனவே குணமாகிவிட்டது. மருந்து பிறகு வாங்கப்பட்டிருக்கிறது. ஆகவே, அவள் இறந்ததற்கும் அந்தக் காஞ்சிபுரப் பயணத்துக்கும் இடையே அந்த வண்டியில் எதையோ நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள். எதை என்று நான் அறியக் கூடாது என்பதற்காகக் காயிலைக் காட்டுகிறீர்கள்.

கவனக்குறைவு என்று நினைத்திருந்தேன். கவனக்குறைவுக்கு மன்னிப்பு உண்டு என்றுகூட, கீதாவின் வற்புறுத்தலால், யோசிக்கத் தொடங்கியிருந்தேன். ஆனால் கவனக்குறைவானவன் தடயத்தை அழிப்பதில்லை. என் தங்கையைப் புதைத்த மண்ணின் ஈரம் காயும் முன்னே ஒருவர் வண்டிக்கு அடியில் புகுந்து எதையோ கழற்றி எறிந்திருக்கிறார் என்றால், அவருக்கு என்ன பெயர் வைப்பது?

"நான் கவனிக்காமல் விட்டேன், அவள் போனாள், அவ்வளவுதான்." இருபத்தாறு ஆண்டுகள் உங்களோடு வாழ்ந்தவளுக்கு ஒரே வரி.

எதைக் கழற்றினீர்கள்?

ப. சந்திரமோகன்

*

திருச்சி
11.8.2024

அன்புள்ள தேவிப்ரியாவுக்கு,

மாமா எழுதுவது. நானும் அத்தையும் நலம். மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. உன்னைத்தான் எப்போதும் விசாரிக்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அப்பாவிடம் நான் கேட்ட ஒரு கேள்விக்கு ஆறு வாரங்களாகப் பதில் இல்லை. அவர் எழுதப் போவதில்லை என்று இப்போது தெரிகிறது. ஆகவே உன்னைக் கேட்கிறேன். நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த வண்டி தை மாதத்தில் நிற்கத் தொடங்கியது என்றால், தை மாதத்தில் அதில் ஏதோ மாறியிருக்க வேண்டும். அந்த நாட்களில் அந்த வேனில் என்னென்ன நடந்தது? பயன்படாது என்று தோன்றினாலும் விடாமல் எழுது. எது பயன்படும் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆசிகளுடன்,
மாமா

*

ஆரணி
19.8.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு சந்தோஷம். சாப்பிடுகிறேன். நீங்களும் அத்தையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நானும் சும்மா இல்லை மாமா. ஞாயிற்றுக்கிழமைகளில் வேனை எடுத்துக்கொண்டு சந்தவாசல் வரை போய் வருகிறேன். டேங்க் நிறைய பெட்ரோல் போட்டுக்கொண்டுதான் போகிறேன், ஏனென்றால் நின்ற நாட்களில் எல்லாம் டேங்க் நிறைந்திருந்தது என்று பாலு அண்ணன் சொல்கிறார். "அர டேங்க்கு இருந்தா அது பாட்டுக்கு ஓடும், வயிறு ரொம்புனா படுத்துக்கும், நம்ம மாமனாரு மாதிரி" என்று சிரிக்கிறார். எனக்குத்தான் ஒரு தடவைகூட நிற்க மாட்டேன் என்கிறது.

தை மாதத்தில் நடந்தது: பின் சீட்டைக் கழற்றிச் சேலைப் பெட்டி வைக்க இடம் செய்தோம். ஹாரன் மாற்றினோம். பின்பக்க டயர் ஒன்று புதுசு. அப்புறம் அந்த வாசனைத் தகராறு. அது வண்டி ரிப்பேர் இல்லை, இருந்தாலும் விடாமல் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

பட்டு எந்த வாசனையையும் இழுத்து வைத்துக்கொள்ளும், உங்களுக்குத் தெரியாததா? பொங்கல் முடிந்து அனுப்பிய முகூர்த்தச் சேலைகள் முழுக்கத் திரும்பி வந்துவிட்டன. பெட்ரோல் நாற்றமாம். கடைக்காரர் அம்மாவிடமே, "இன்னாம்மா, கல்யாணப் பொண்ண பெட்ரோல் பங்க்லயா குந்த வைக்கப் போறாங்க?" என்று கேட்டிருக்கிறார். அம்மா அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. வேனைச் சுற்றிச் சுற்றி மோந்து பார்த்தேன். டேங்க் மூடியிலிருந்துதான் வந்தது. கழற்றித் திருப்பிப் பார்த்தால் நடுவில் ஊசி நுழைகிற அளவு ஒரு துளை. பழசாகித் துருப்பிடித்து விழுந்த ஓட்டை போலிருக்கிறது. பஞ்சர் கடையில் சைக்கிள் டியூப் துண்டு வாங்கி, வட்டமாக வெட்டி, சொல்யூஷன் போட்டு உள்பக்கம் இறுக்கமாக ஒட்டினேன். அதோடு வாசனை போயே போச்சு. அப்புறம் ஒரு சேலைகூடத் திரும்பவில்லை. அம்மா தெருவெல்லாம், "எம் பொண்ணு பி.காம். படிச்சிட்டு மெக்கானிக் வேல பாக்குறா, பாலு கடைய மூட வேண்டியதுதான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அந்த மூடிகூட இப்போது இல்லை. அம்மா காரியம் முடிந்த பிறகு எங்கேயோ விழுந்துவிட்டது என்று அப்பா வேறு வாங்கிப் போட்டிருக்கிறார்.

இவ்வளவுதான் மாமா. இதில் எது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள்,
பிரியா

*

ஆரணி
7.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலம்தானே? என் கடிதம் கிடைத்ததா? ஒன்றரை மாதமாகப் பதிலே இல்லையே. நான் எழுதியதில் ஏதாவது பயன்பட்டதா? காரணம் தெரிந்தால் ஒரே வரி எழுதினாலும் போதும்.

பிரியா

*

திருச்சி
3.11.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சந்திரமோகன் எழுதுவது. உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது?

இந்தக் கடிதத்தை எழுதுவதும் கிழிப்பதுமாக இரண்டு மாதங்கள் போய்விட்டன. எதைக் கழற்றினீர்கள் என்ற கேள்வியை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். விடை எனக்குத் தெரியும். அந்தக் குழந்தை தன் கையாலேயே எனக்கு எழுதி அனுப்பியிருக்கிறது, என்ன எழுதுகிறோம் என்று தெரியாமல்.

டேங்கிலிருந்து பெட்ரோல் போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். மூடியிலுள்ள துளை அதற்காகவே வைக்கப்பட்டது. அதை அடைத்தால், ஒரு கட்டத்தில் டேங்க் பெட்ரோலை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். நிறைந்த டேங்கில் இது சீக்கிரம் நடக்கும். மூடியைத் திறந்தால் உடனே சரியாகும். திறக்காவிட்டாலும் காற்று மெல்லக் கசிந்து, சற்று நேரத்தில் சரியாகும். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க பாலு ஒவ்வொரு முறையும் திறந்தார். நீங்கள் அன்று திறக்கவில்லை. தானே நிறைத்த டேங்கை யார் திறந்து பார்ப்பார்கள்?

இதை நீங்கள் ஏப்ரல் மாதமே அறிந்திருக்கிறீர்கள். அறிந்துகொண்டு, நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் வாங்கிக்கொண்டீர்கள்.

என் கோபம் குறையவில்லை மாப்பிள்ளை. அதை வைக்க ஓரிடம் இருந்தது; இப்போது அதுவும் இல்லை.

அவளுக்குத் தெரியுமா? நான் அவளுக்கு என்ன எழுதட்டும்?

அன்புடன்,
சந்திரமோகன்

*

ஆரணி
12.11.2024

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். உடம்பு பரவாயில்லை. நீங்கள் கேட்டதே போதும்.

அவளுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

காரியம் முடிந்து ரெண்டு நாள் கழித்துச் சேத்துப்பட்டு வரை போனேன். நடுவில் நின்றுவிட்டது. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை அப்போது. யாரைக் கொண்டுபோக வேண்டும்? சும்மா இறங்கி, என்னதான் என்று மூடியைத் திருகினேன். தண்ணிக்குள்ள முங்கிக் கிடந்தவன் மேலே வந்து மூச்சை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு சாவியைத் திருப்பினால் வண்டி எழுந்துவிட்டது. மூடியைத் திருப்பிப் பார்த்தேன். அந்த ரப்பர். பொண்ணு செஞ்சதுன்னு நாயகி என்கிட்ட எத்தனை தடவை காட்டியிருப்பாள். அங்கேயே ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு மூடியை ஏரியில் வீசிவிட்டேன். வீட்டுக்கு வரும்போது பிரியா, "சாப்டியாப்பா?" என்றாள். அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

நீங்கள் எழுதியதெல்லாம் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. யாராவது திட்டினால் கொஞ்சம் தேவலை போலத்தான் இருந்தது.

இப்போது ஒரு அவசரம் மச்சான். போன வாரம் அவள் பாலுவிடம் போய், "அண்ணா, மூடி மாத்துனதுக்கப்புறம்தான் வண்டி நிக்கலியா?" என்று கேட்டிருக்கிறாள். "போம்மா, மூடிக்கும் இஞ்சினுக்கும் இன்னா சம்மந்தம், பாத்திர மூடிய மாத்துனா சோறு வேவுமா?" என்று சொல்லி அனுப்பிவிட்டு நேராக என்கிட்ட ஓடிவந்தான். "அண்ணே, பொண்ணு கிட்ட வந்துடுச்சி" என்றான். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாம் என்ன சொல்கிறோமோ அதையே அவனும் சொல்வான்.

யார் மேலும் தப்பில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நம்ப மாட்டாள். தேடிக்கொண்டே இருப்பாள். உங்கள் வீட்டு ரத்தம். காரணம் கிடைக்காமல் அடங்காது. ஒரு ஆளைக் காட்டினால்தான் நிறுத்துவாள். என்னைக் காட்டுங்கள். பாலு புதுக் காயில் போடச் சொன்னான், நான்தான் பழசு போதும் என்றேன், அவள் போன பிறகு திருட்டுத்தனமாக மாற்றினேன் என்று எழுதுங்கள். உங்கள் எழுத்தில் வந்தால் அவளுக்கு அது தீர்ப்பு.

என் மேல் கோபப்படுவாள். படட்டும். அப்பன் மேல் கோபப்பட்டுக்கொண்டு ஒரு பொண்ணு வாழ்ந்துவிடலாம். மற்றது அப்படி இல்லை மச்சான்.

அக்காவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தங்கள்,
பாலமுருகன்

*

திருச்சி
1.12.2024

அன்புள்ள தேவிப்ரியாவுக்கு,

மாமா எழுதுவது. நானும் அத்தையும் நலம். உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம், உறுதியாகத் தெரியாமல் உனக்கு எழுதக் கூடாது என்பதே. இப்போது உறுதியாகிவிட்டது. அமைதியாக உட்கார்ந்து படி.

கெட்டது இக்னிஷன் காயில். அது சூடேறினால் செயலிழக்கும், வண்டி நின்றுவிடும். ஆறினால் மீண்டும் வேலை செய்யும். உன் அம்மாவை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு வண்டி தானாக எழுந்ததும், பாலு வரும்போதெல்லாம் எழுந்ததும் இதனால்தான்; அவர் வந்து சேர்வதற்குள் அது ஆறிவிடும். வண்டியில் கோளாறு தெரிந்ததுமே புதுக் காயில் போடும்படி பாலு உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். உன் அப்பா கேட்கவில்லை. உடைக்கப் போட்டிருந்த வேறொரு வேனிலிருந்து கழற்றிய பழைய காயிலையே போடச் சொல்லியிருக்கிறார். ஒன்றும் ரிப்பேர் செய்யவில்லை என்று பாலு முன்பு உன்னிடம் சொன்னதும் உன் அப்பா அப்படிச் சொல்லச் சொன்னதால்தான். அந்தக் காயிலோடுதான் உன் அம்மாவைப் படவேட்டுக்கு அழைத்துப் போனார்.

அவள் இறந்த பிறகு, ஏப்ரல் மாதத்தில், யாருக்கும் தெரியாமல் புதியதை வாங்கிப் பொருத்தினார். மே மாத வெயிலில் நீங்கள் காஞ்சிபுரம் போனபோது வண்டி நிற்காததும், இன்று நீ எத்தனை முறை ஓட்டினாலும் அது நிற்காததும் அதனால்தான். பிறகு ஜூனில்தான் மாற்றியதாக எனக்குப் பொய் எழுதினார். நான் கண்டுபிடித்துக் கேட்டபோது எல்லாவற்றையும் எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார். பாலுவிடம் கேட்டுப் பார். அவரும் இதையே சொல்வார்.

நீ எழுதி அனுப்பிய மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்தேன். சீட்டு, ஹாரன், டயர், மூடி, எதற்கும் இதில் தொடர்பில்லை. இயற்பியல் படித்தவனாகச் சொல்கிறேன். அம்மாவின் சேலைகள் திரும்பி வராமல் நீ காப்பாற்றினாய். அந்தச் சிரிப்பை நான் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, நீ பார்த்தாய். அது உன்னிடமே இருக்கட்டும்.

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சாலைக்குப் போகாதே. கண்டுபிடிக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. வேனை விற்றுவிடும்படி நானே அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், தடுக்காதே.

யாராக இருந்தாலும் விடாதீர்கள் என்று எழுதியிருந்தாய். நான் விடவில்லை. உன் அப்பா குற்றவாளி. எழுத்தில் தருகிறேன்.

அவர் மேல் உனக்குக் கோபம் வரும். அது உன் உரிமை. நான் தடுக்க மாட்டேன். பேசாமல் இரு, கத்து, முகத்தைத் திருப்பிக்கொள். அவர் பதில் பேச மாட்டார். ஆனால் நான் இவ்வளவு தூரத்தில் இருக்கிறேன், அந்த வீட்டில் அவரைப் பார்க்க உன்னை விட்டால் ஆளில்லை. ஆகவே உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதத்தை நீ படித்த அன்றைக்கு அப்பா சாப்பிட்டாரா என்று எனக்கு எழுது.

ஆசிகளுடன்,
மாமா